ஆறிய கோப்பையை எடுத்தவன்

ஏப்ரல் 3, புதன்

வெட்கக்கேட்டை முதலில் எழுதித் தள்ளிவிடுகிறேன். இன்று முன்பின் தெரியாத ஒருவரின் துக்க வீட்டுக்குப் போய், தேம்பித் தேம்பி அழுதுவிட்டு, இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

துக்கம் விசாரிக்கப் போகவில்லை. சந்தை ஆய்வுக்குப் போனேன்.

சிறுதொழில் பயிற்சி வகுப்பில் பாடம் எடுக்கும் தஹானி சொல்லியிருந்தாள்: "வீட்ல உக்காந்து கற்பனை பண்ணாதீங்க சித்தப்பா. வாடிக்கையாளர் இருக்கற இடத்துக்கே போய்ப் பாருங்க." நான் தொடங்கப் போவது கசப்புக் காபி ஊற்றும் தொழில். மவுத்து நடந்த துக்க வீடானாலும் சரி, பெண் கேட்டு ஆட்கள் வரும் வீடானாலும் சரி, அம்மான் நகரத்தில் ஏலக்காய் போட்ட கசப்புக் காபி வற்றாமல் ஓடவேண்டும். காய்ச்ச ஒருவர், ஊற்ற ஒருவர். அந்த இருவரும் நானும் என் மனைவியுமாக இருந்தால் என்ன என்பதுதான் யோசனை. ஜபல் நுஸ்ஹா பக்கம் ஒரு துக்கக் கூடாரம் கண்ணில் பட்டது. நுழைந்துவிட்டேன்.

கடைசி வரிசையில் உட்கார்ந்து கைபேசியில் குறிப்பெடுத்தேன். ஒன்றரை மணி நேரத்தில் மூன்று சுற்றுதான் வந்தது. காபி வெதுவெதுப்பு. ஊற்றுகிற ஆளின் கண் முழுக்க அவன் கைபேசியில். அதற்குள் இறந்தவரின் மூத்த மகன், அறுபது வயது இருக்கும், நேரே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "வாப்பாவோட எத்தனை வருஷமாப் பழக்கம்?"

"ரொம்ப வருஷம்" என்றேன். அவர் என் தோளில் சாய்ந்து அழுதார். பக்கத்தில் யாராவது தும்மினால் கூடவே தும்முகிற ஜாதி நான். அழுதேன். அதற்குப் பிறகு சாப்பிடாமல் விடுவார்களா?

வீட்டுக்கு வந்து உம் ராகானிடம் சொன்னேன். எங்கள் மகன் ராகானின் தாய், என் மனைவி, எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள்: "செத்துப்போனவர் பேரு என்ன?"

தெரியாது.

ஆய்வின் முடிவு: சந்தையில் நமக்கு இடம் இருக்கிறது.


ஏப்ரல் 5, வெள்ளி

ஒப்பந்தம் இன்று கையெழுத்தாகாமல் கையெழுத்தானது. சாட்சி: மிஃப்லெஹ், உம் ராகானின் அண்ணன், மார்காவில் டயர் கடை முதலாளி.

இருபத்து நான்கு வருடம் திரைச்சீலைக் கடையில் விற்பனை மேற்பார்வையாளனாக இருந்தேன். ஜனவரியில் கடையை மூடினார்கள். அன்றிலிருந்து மிஃப்லெஹ் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறான். "நிழல்ல உக்காந்து பில் போடு மச்சான். காத்து வேணுமா, கம்ப்ரஸர் இருக்கு." என் அளவுக்கு நீல உடுப்பு ஒன்று தைத்து, சட்டைப்பையில் என் பெயரையும் எம்பிராய்டரி செய்து வைத்திருக்கிறானாம். இதைச் சொல்லும்போது அவன் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் மறக்கமாட்டேன்.

உம் ராகான் தீர்ப்பு சொன்னாள்: "ஹஜ்ஜுப் பெருநாளுக்குள்ள இருபது வீட்ல காபி ஊத்திட்டீங்கன்னா, நான் வாயே திறக்கமாட்டேன். பத்தொன்பதுன்னா டயர் கடை."

"பத்தொன்பதரை?"

"டயர் கடை."


ஏப்ரல் 16, செவ்வாய்

தஹானிக்கு இருபத்தாறு வயது. பளிச்சென்ற வெள்ளை ஷூ. தன் வாழ்நாளில் ஒரு கடலைப்பொட்டலம்கூட விற்றிருக்கமாட்டாள் என்று நினைத்துத்தான் வகுப்பில் சேர்ந்தேன். இன்று பலகையில் நாலு கேள்வி எழுதினாள். யார் உங்கள் வாடிக்கையாளர்? அவருக்கு எங்கே வலிக்கிறது? அந்த வலிக்கு நீங்கள் எதற்கு? உங்களைப் பற்றி அவர் காதுக்கு எப்படிப் போகும்?

முதல் கேள்விக்கு "எல்லாரும்" என்று எழுதினேன்.

"எல்லாரும்னா யாருமில்லைன்னு அர்த்தம் சித்தப்பா."

வலி? அது எனக்குத் தெரியும். ஆறின காபி. கண்ணால் பார்த்துவிட்டு வந்தவன் ஆயிற்றே. அதனால் என் வாக்குறுதியைப் பெரிய எழுத்தில் எழுதினேன்: எந்த விருந்தினர் முன்பும் ஆறிய கோப்பை இருக்காது. பக்கத்தில் ஊறுகாய் போடும் பெண்மணி எட்டிப் பார்த்து "அடேயப்பா" என்றாள். திட்டத்தின் முதல் பக்கத்திலேயே இது வரும்.

ஒரு சிக்கல். வாடிக்கையாளர் மறுபடி மறுபடி வரவேண்டும் என்கிறாள் தஹானி. மவுத்து வீட்டிலிருந்து கிளம்பும்போது, இந்த வீட்டுக்கு இதுவே கடைசித் துக்கமாக இருக்கட்டும் என்று துஆ செய்துவிட்டுக் கிளம்புவதுதான் நம் வழக்கம். துஆவையும் கேட்டுவிட்டு விசிட்டிங் கார்டையும் நீட்டினால் எதை அல்லாஹ் கணக்கில் எடுப்பான்?


ஏப்ரல் 28, ஞாயிறு

தொழிலுக்குப் பெயர் கிடைத்துவிட்டது: 'தாயிமே'! யார் வீட்டில் காபி குடித்தாலும் கோப்பையைத் திருப்பித் தரும்போது எல்லார் வாயிலும் வருகிற சொல் அல்லவா, இந்த வீட்டில் என்றென்றும் இப்படியே இருக்கட்டும் என்று. ஊரே ஒரு நாளைக்குப் பத்து முறை என் விளம்பரத்தை ஓசியில் சொல்லப்போகிறது. எனக்கே என்னைப் பார்த்தால் கொஞ்சம் பயமாக இருக்கிறது.


மே 2, வியாழன்

முதல் வீடு. மவுத்து வீடு.

எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். எழுதுகிறேன்.

காலையில் வேனைக் கூடார வாசலிலேயே நிறுத்தினேன். அதுவும் திட்டத்தில் இருப்பதுதான்: வண்டியே விளம்பரப் பலகை. புதுப் பெயிண்ட், ஓர் ஆள் உயர எழுத்து: தாயிமே. அதன் கீழே, புரியாதவர்களுக்காக: 'இந்த வீட்டில் என்றென்றும் இப்படியே இருக்கட்டும்.'

மவுத்து வீட்டில் அந்தச் சொல்லை மட்டும் யாரும் சொல்லமாட்டார்கள். பால்குடி மறந்த பிள்ளைக்குக்கூடத் தெரியும். எனக்கும் தெரியும். பெயிண்ட் அடிக்கும்போதும் தெரியும். ஆனால் அப்போது மனதில் கல்யாண வீடுகள்தான் ஓடிக்கொண்டிருந்தன.

இறந்தவரின் தம்பி வேன் முன்னால் நின்று நிறுத்தி நிறுத்திப் படித்தார். பிறகு என்னைப் பார்த்தார். "என்றென்றுமா? இப்படியேவா?"

உம் ராகான் வேனில் வைத்திருந்த மேசைவிரிப்பை எடுத்து எழுத்தின் மேல் கட்டினேன். செர்ரிப் பழம் போட்ட விரிப்பு. துக்கம் நடக்கும் மூன்று நாளும் அந்தச் செர்ரிப் பழங்கள் துக்க வாசலில் ஆடிக்கொண்டிருந்தால் நன்றாகவா இருக்கும்? வேனை அடுத்த தெருவுக்குக் கொண்டுபோய்விட்டேன்.

காபியைப் பற்றி யாரும் குறை சொல்லவில்லை. எனவே இது கணக்கில் சேரும். ஒன்று.


மே 4, சனி

தஹானி சிரித்துச் சிரித்து நாற்காலியைத் தேடி உட்கார்ந்துவிட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஒரே சந்தையைப் பிடிங்க சித்தப்பா. ரெண்டு குதிரையில ஏறாதீங்க. உங்க பேரு சந்தோஷ வீட்டுக்கான பேரு" என்றாள்.

சரி. இனி ஜாஹாதான். பெண் கேட்டுப் போகும் பெரியவர்கள் கூட்டம். நோன்பு முடிந்ததும் வெள்ளிக்கிழமை தவறாமல் ஊர்பூராவும் நடக்கும். மவுத்து வீடுகளை அல்லாஹ்வின் பொறுப்பில் விட்டுவிட்டேன்.


மே 23, வியாழன்

பெண் கேட்க முடிவானதும் ஒரு குடும்பம் முதலில் எங்கே போகும்? நகைக்கடைக்கு. என் மூளை வேலை செய்கிற வேகத்தில் நோன்புப் பசியே தெரியவில்லை. நகைக்கடைத் தெருவில் பன்னிரண்டு கடைக்காரர்களிடம் கார்டு கொடுத்து, வருகிறவர்களிடம் சொல்லச் சொன்னேன். பன்னிரண்டு பேரும் "இன்ஷா அல்லாஹ்" என்றார்கள்.

உம் ராகான் விசாரணை நடத்தினாள். "இன்ஷா அல்லாஹ் சொல்லும்போது உங்களைப் பார்த்துச் சொன்னாங்களா, கதவைப் பார்த்துச் சொன்னாங்களா?"

யோசித்துப் பார்த்தேன். ஒருத்தர் என்னைப் பார்த்தார்.

"அந்த ஒருத்தருக்கு மட்டும் நோன்புப் பெருநாளைக்கு ஒரு பொட்டலம் காபித்தூள் குடுத்தனுப்பறேன்" என்றாள். மற்ற பதினொன்றையும் நான் பட்டியலில் வைத்திருக்கிறேன். நம்பிக்கைதான் தொழில்.


ஜூன் 14, வெள்ளி

ஆறு வீடு முடிந்தது! பெருநாள் வரை இன்னும் பதினொன்று பேசியாயிற்று. ஆக பதினேழு. இன்னும் மூன்றுக்கு எட்டு வாரம் இருக்கிறது. மூன்றை மட்டுமல்ல, முப்பதைப் பிடிப்பேன். (அந்த ஒரு நகைக்கடைக்காரர் நாலு வீட்டை அனுப்பினார். பதினொன்று பேர் இன்னும் கதவைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.)

மிஃப்லெஹ் போன் செய்தான். நீல உடுப்பு சாயம் போகிற ரகமா என்று நானே விசாரித்தேன். போனை வைத்துவிட்டான்.

இடது கையில் பித்தளைக் கெண்டி, வலது கையில் அடுக்கிய கோப்பைகள், வலப்பக்கத்திலிருந்து ஆரம்பம், விருந்தினர் கோப்பையைக் குலுக்கினால் போதும் என்று அர்த்தம். ஐம்பத்திரண்டு வயதில் என் இடுப்பு இப்படி வளையும் என்று யார் கண்டார்கள்?


ஜூன் 21, வெள்ளி

கோப்பையை எடுத்துவிட்டேன்.


ஜூன் 22, சனி

நேற்று அதோடு பேனாவை மூடிவிட்டேன். இன்று எழுதுகிறேன்.

மணப்பெண்ணின் தகப்பனார் அபூ கைஸ். அவர்கள் குடும்ப மண்டபத்தில் ஒரு பக்கம் ஐம்பது ஆண்கள், எதிர்ப்பக்கம் ஐம்பது ஆண்கள். மாப்பிள்ளை வீட்டுக்குத் தலைமை தாங்கி வந்தவர் ஓய்வு பெற்ற ராணுவ ஜெனரல். எல்லாருக்கும் அவர் பாஷா. முதல் கோப்பையை அவருக்கு ஊற்றினேன். முறைப்படி வாங்கி, குடிக்காமல், முன்னால் இருந்த சிறு மேசையில் வைத்தார். பெண் தருகிறோம் என்ற சொல் வரும்வரை அதைத் தொடமாட்டார். அந்தக் கோப்பை அங்கேயே ஆறவேண்டும். ஆறுவதுதான் அதன் வேலை. யாராவது அதைத் திருப்பி எடுத்தால் ஒரே ஒரு அர்த்தம்தான்: பெண் இல்லை, போய் வாருங்கள்.

இது எனக்குத் தெரியாதா? என் கல்யாணத்துக்கே என் பெரியப்பா கோப்பையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்தானே!

பாஷா பேசத் தொடங்கினார். இரு குடும்பத்துக்கும் நடுவில் இருந்த கிணறு. கிணற்றைத் தோண்டிய பாட்டனார். பாட்டனாரின் குதிரை. குதிரையின் தாய். பதினைந்து நிமிடம். இருபத்தைந்து. தன் படைப்பிரிவுக்கு வந்தார், மறுபடி குதிரைக்குப் போனார். நான் கெண்டியுடன் பக்கத்தில் நின்றுகொண்டிருக்கிறேன். கோப்பையில் ஆவி நின்றுவிட்டது. ஓரத்தில் கறுப்பாக ஒரு கோடு படிந்துவிட்டது. எந்த விருந்தினர் முன்பும் ஆறிய கோப்பை இருக்காது. எந்த விருந்தினர் முன்பும்—

கை போய்விட்டது. நான் போகச் சொல்லவில்லை. அதுவாகப் போய்க் கோப்பையை எடுத்து, கழுநீர்ப் பாத்திரத்தில் கவிழ்த்தது. அந்தச் சத்தம் இருக்கிறதே... ளொடக் என்று.

பாஷா குதிரை மேல் இருக்கும்போதே வாயைத் திறந்தபடி நின்றார். மாப்பிள்ளையின் தாய்மாமன் எழுந்தார். "காபியை எடுத்துட்டாங்களே! நம்ம காபியை எடுத்துட்டாங்களே!" ஐம்பது நாற்காலியும் ஒரே நேரத்தில் பின்னால் நகர்ந்தன.

அபூ கைஸ் முகம் வெளுத்து, "நான் சொல்லலே! வல்லாஹி நான் சொல்லலே! இந்த மனுஷன் யாரு?" என்று கத்தினார்.

"ஆறிடுச்சு பாஷா... ஆறிடுச்சுன்னுதான்..."

"என்னய்யா ஆறிடுச்சு? எங்க பையன் ஆறிட்டானா?" — தாய்மாமன்.

ஐயோ, நான் என்னத்தைச் சொல்ல! கெண்டியை மேசையில் வைத்துவிட்டுப் பாஷாவின் தலையில் முத்தமிட்டு மன்னிப்புக் கேட்டேன். புதுக் கோப்பை ஊற்றி வைத்தேன். அது மேசையைத் தொடுவதற்குள் அபூ கைஸ், "குடிங்க பாஷா, பொண்ணு உங்களது, குடிங்க, குடிங்க!" என்றார். பாஷா நின்றபடியே ஒரே மடக்கில் குடித்தார். நாக்கு சுட்டிருக்கும். உள்ளேயிருந்து பெண்கள் குலவையிட்டார்கள்.

கல்யாணம் நிச்சயமாகிவிட்டது, அல்ஹம்துலில்லாஹ். நான்தான் நிச்சயமில்லாமல் போனேன்.

காபி ஊற்றியது ஊற்றியதுதான். ஏழு.


ஜூன் 25, செவ்வாய்

யாரோ படம் பிடித்திருக்கிறான். ஊர்பூராவும் கைபேசியில் ஓடுகிறது. 'ளொடக்' சத்தத்தை மட்டும் மூன்று முறை திருப்பிப் போட்டிருக்கிறார்கள்.

மீதி இருந்த பத்தில் எட்டு வீடு ரத்து. ஒரு வீட்டுக்காரர் நாகரிகமாகச் சொன்னார்: "உங்க காபி மேல எங்களுக்கு ஒண்ணும் இல்லை, அபூ ராகான். உங்க கை மேலதான்."

ஏழும் இரண்டும் ஒன்பது. இருபதுக்கு எங்கே போவேன்?

மிஃப்லெஹ் போனில்: "பெருநாள் வரைக்கும் எதுக்குக் காத்திருக்கே மச்சான்? வியாழக்கிழமையே வந்துடேன். டயர்ல எதை எடுத்தாலும் எவனும் கோவிச்சுக்க மாட்டான்."

உம் ராகான் சிரிக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "ஒப்பந்தம் பெருநாள் வரைக்கும்" என்று என்னிடமிருந்து போனை வாங்கி அண்ணனிடம் சொல்லிவிட்டு, ஏலக்காய் இடிக்கப் போய்விட்டாள்.


ஜூன் 28, வெள்ளி

எட்டு. கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டே நின்றேன். எல்லாரும் அந்தக் கையையே பார்த்தார்கள்.


ஜூலை 2, செவ்வாய்

தெரியாத எண். "பாஷாவோட கோப்பையை எடுத்தவர் நீங்கதானே?"

மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். பழகிவிட்டது.

"மன்னிப்பெல்லாம் வேணாம் ஹாஜி. வெள்ளிக்கிழமை என் பொண்ணைக் கேட்டு வர்றாங்க. அதே பாஷாதான் வர்றாரு. போன வருஷம் என் தம்பி வீட்ல ஒண்ணேகால் மணி நேரம் பேசினாரு. எங்க அத்தா மயங்கி விழுந்தாரு. நீங்க வாங்க."

"வந்து?"

"ஒண்ணும் செய்ய வேணாம். அவர் பக்கத்துல சும்மா நில்லுங்க."


ஜூலை 5, வெள்ளி

நின்றேன்.

பாஷா என்னைப் பார்த்தார். கோப்பையை வைத்தார். அதன் மேல் தன் உள்ளங்கையை வைத்து மூடிக்கொண்டார். "பிஸ்மில்லாஹ்" என்றார், கிணறு என்றார். நான் லேசாகத் தொண்டையைக் கனைத்தேன். உண்மையாகவே தொண்டை கரகரத்தது, சத்தியம். கிணற்றிலிருந்து நேராகப் பெண்ணுக்கு வந்துவிட்டார். குதிரை வரவேயில்லை.

நாலு நிமிடம்! "குடிங்க பாஷா" என்ற குரல் வந்தபோது காபியில் ஆவி பறந்துகொண்டிருந்தது. நூறு ஆண்கள் ஒரே நேரத்தில் பெருமூச்சு விட்டதை நான் இதற்குமுன் கேட்டதில்லை. வாசலில் எனக்காக ஐந்து பேர் காத்திருந்தார்கள், எண் கேட்டு.

ஒன்பது.


ஜூலை 9, செவ்வாய்

தஹானி சொன்னாள்: "நாம தப்பான இடத்துல தேடிட்டோம் சித்தப்பா. உங்க வாடிக்கையாளருக்கு வலிச்சது நாக்குல இல்லை. காதுல."

நானும் அதைத்தான் ஆரம்பத்திலிருந்தே நினைத்தேன் என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வையைப் பற்றி எழுதப்போவதில்லை.


ஜூலை 20, சனி

பதினான்கு. வியாழன், வெள்ளி, சனி மூன்று நாளும் வேலை. ரத்து செய்த எட்டில் மூன்று வீடு திரும்பி வந்துவிட்டது. "உங்க கை மேலதான்" என்று சொன்னவரும் வந்தார். அதே கை வேண்டுமாம்.

இப்போது கெண்டியைப் பிடிப்பதில் ஒரு முறை வைத்திருக்கிறேன். மூன்று நிமிடம் வரை பின்னால் நிற்பேன். நாலாவது நிமிடம் ஓர் அடி முன்னால். ஐந்தாவது நிமிடம் கோப்பையைப் பார்ப்பேன். பார்ப்பதற்கு மேல் எதுவும் தேவைப்பட்டதில்லை.


ஜூலை 30, செவ்வாய்

பதினேழு. மதியம் போன் வந்தது. "யாருன்னு தெரியுதா?"

எழுந்து நின்றுவிட்டேன். பாஷா.

"எழுந்து நிக்காதே, உக்காரு. என் பேத்தியைக் கேட்டு ஒன்பதாம் தேதி வர்றாங்க. கூட்டிட்டு வர்றது ஒரு மாஜி அமைச்சர். அவன் என்னைவிட மோசம்."

"நீங்க மோசம்னு யாரு பாஷா சொன்னது—"

"நடிக்காதே. அவன் மூணு நிமிஷத்தைத் தாண்டக் கூடாது."

உம் ராகான் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். நான் உட்காரவில்லை.


ஆகஸ்ட் 9, வெள்ளி

இருபது.

மாஜி அமைச்சர் கையில் எழுதிக் கொண்டுவந்த காகிதம் பதினோரு பக்கம். என்னைப் பார்த்ததும் கடைசிப் பக்கத்தை மட்டும் படித்தார். இரண்டு நிமிடம் ஐம்பது நொடி. பாஷா எதிர்வரிசையில் உட்கார்ந்து கண்ணை மூடி, ஒரு பாட்டைக் கேட்பதுபோலக் கேட்டார்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். உம் ராகான் தன் ஒப்பந்தப்படி வாயே திறக்கவில்லை. ரொட்டி போல உப்பியிருந்த என் கால்களுக்கு வெந்நீர் கொண்டுவந்து வைத்தாள்.


ஆகஸ்ட் 11, ஞாயிறு — ஹஜ்ஜுப் பெருநாள்

மிஃப்லெஹ் குடும்பத்தோடு வந்தான். நீல உடுப்பைக் கொண்டு வரவில்லை. என்னைத் தனியாக பால்கனிக்கு இழுத்துக்கொண்டு போய், "மச்சான், நம்ம கடைக்கு ஒரு கஸ்டமர் வர்றான். ஒரு டயர் வாங்க ரெண்டு மணி நேரம் பேசறான். ஒருநாள் வந்து அவன் பக்கத்துல நில்லேன்" என்றான்.

நாளை பார்க்கலாம் என்றேன். கதவைப் பார்த்துச் சொன்னேன்.


ஆகஸ்ட் 20, செவ்வாய்

தஹானி கூப்பிட்டாள். செப்டம்பரில் புது வகுப்பு தொடங்குகிறதாம். நான் வந்து பேச வேண்டுமாம். 'திட்டமிட்டால் வெல்லலாம்' என்பது தலைப்பு. சம்மதித்தேன். யார் வாடிக்கையாளர் என்று தெரிந்துகொள்வது, ஒரே சந்தையைப் பிடிப்பது, வாக்குறுதியில் உறுதியாக நிற்பது, எல்லாவற்றையும் விளக்கமாகச் சொல்லப்போகிறேன். முதல் நாளிலிருந்து இன்றுவரை ஒவ்வோர் அடியையும் திட்டத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் வைத்தேன் என்று ஆரம்பிக்கலாம் என்றிருக்கிறேன்.

"எழுதின திட்டத்தையும் கையோட கொண்டு வாங்க சித்தப்பா, பசங்களுக்குக் காட்டணும்" என்றாள்.

அலமாரியில் இல்லை. வேனில் இல்லை. கட்டிலுக்கு அடியில் இல்லை. உம் ராகானைக் கேட்டேன். கோப்பைப் பெட்டியைக் காட்டினாள். நோன்புக்கு முன்னாலேயே ஒவ்வொரு தாளாகக் கிழித்து, கோப்பைகள் மோதி உடையாமல் சுற்றி வைத்துவிட்டாளாம். "நல்ல கெட்டித் தாள்" என்றாள்.

வாராவாரம் அவற்றைப் பிரித்து எடுத்ததும், வேலை முடிந்ததும் மறுபடி சுற்றி வைத்ததும் நான்தான்.